பனியில் பாதை போட்ட பட்டறைக்காரர்

(ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு மாணவன், காவேரிப்பாக்கம்)



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி சங்க நண்பர்கள் கேட்டார்கள். ஜி.டி.நாயுடு பற்றி எழுதலாமா, விஸ்வேஸ்வரய்யா பற்றி எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் அவர்களைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். அதனால் நம்மில் பலர் கேள்விப்படாத ஒருவரை இந்த முறை உங்கள் முன் கொண்டு வந்து நிறுத்துகிறேன். அவர் பெரிய பட்டம் வாங்கியவர் அல்ல. நம்மைப் போல கையில் கிரீஸ் ஒட்டியவர். ஒரு மெக்கானிக்!

நம்ம வேலூர் பக்கத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியில் ஓடும் வண்டியைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா ராணுவத்தில் இருக்கிறார். நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருப்பது புதிய விஷயம் அல்லவே! சென்ற முறை லீவில் வந்தபோது செல்போனில் ஒரு போட்டோ காட்டினார். லடாக்கில் பனி மலைமேல் ஒரு வண்டி. முன்னால் சக்கரம் இல்லை, இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னாலும் சக்கரம் இல்லை, அகலமான ரப்பர் பட்டை ஒன்று. ஸ்கூட்டர் மாதிரி ஹேண்டில்பார். பட்டாளத்தில் இதற்கு ஸ்னோ ஸ்கூட்டர் என்று பெயராம். சியாச்சின் பனிமலையில் சாமான் கொண்டு போகவும், அடிபட்டவர்களைத் தூக்கி வரவும் இதுதான் கைகொடுக்கிறது என்றார் மாமா.

இதை முதலில் யார் செய்தது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்த பெயர்: ஜோசப் ஆர்மண்ட் பம்பார்டியர். பிறந்தது 1907. நான் பிறந்தது 2007. எனக்குச் சரியாக நூறு வயது மூத்தவர்! அவர் கதையைப் படித்து முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

கனடா நாட்டில் கியூபெக் என்று ஒரு மாகாணம். அங்கே பிரெஞ்சு மொழிதான் தாய்மொழி. அந்த மாகாணத்தில் வல்கூர் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி ஆர்மண்ட் பிறந்தார். விவசாயக் குடும்பம். தகப்பனார் பெயர் ஆல்ஃபிரட், தாயார் பெயர் அன்னா. எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். பிற்பாடு தகப்பனார் ஊரில் மளிகைக் கடை வைத்தார்.

சிறுவன் ஆர்மண்டுக்குப் பொம்மை வாங்கித் தர வேண்டிய அவசியமே இல்லை. பழைய கடிகாரத்தைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கையும் பல்சக்கரத்தையும் எடுத்துத் தானாக ஓடும் பொம்மை வண்டிகளைச் செய்துவிடுவான். வீட்டில் எந்த இயந்திரம் இருந்தாலும் அதைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். நம்மில் எத்தனை பேர் வீட்டு ரேடியோவையும் மிக்சியையும் கழற்றி உதை வாங்கியிருப்போம்!

மகனைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. அதற்காகப் பதினான்கு வயதில் செர்ப்ரூக் நகரத்தில் உள்ள மதப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆனால் பையனின் மனசு முழுக்க என்ஜினிலேயே இருந்தது.

1922-ஆம் ஆண்டு டிசம்பர் 31. விடுமுறைக்கு ஊருக்கு வந்த பதினைந்து வயதுப் பையன், தம்பி லியோபோல்டுடன் சேர்ந்து ஒரு விசித்திர வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். தகப்பனார் கொடுத்த பழைய ஃபோர்டு கார் என்ஜின், பனிச்சறுக்கு வண்டியின் சட்டம், பின்பக்கம் ஆகாய விமானத்தில் சுற்றுவது போல் ஒரு மரக்காத்தாடி. பயங்கரச் சத்தத்தோடு வண்டி ஊர்த் தெருவில் ஓடியது! ஜனங்கள் வாய் பிளந்து நின்றார்கள். தகப்பனாரோ அந்தக் காத்தாடியைப் பார்த்துப் பதறிப்போனார். யாருடைய கையாவது, தலையாவது அதில் மாட்டினால் என்ன ஆகும்? உடனே அதைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். முதல் வண்டியின் ஆயுள் ஒரே நாள்!

பட்டறை

பதினேழு வயதில் தகப்பனாரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்து மதப் பள்ளியை விட்டு வந்தார் ஆர்மண்ட். பக்கத்து ஊர் காரேஜில் தொழில் பழகினார். பிறகு மாண்ட்ரியல் நகரத்துக்குப் போய்ப் பகலில் மெக்கானிக் வேலை, ராத்திரியில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் வகுப்புகள் என்று உழைத்தார். தொழில்நுட்பப் பத்திரிகைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. இவருக்கோ தாய்மொழி பிரெஞ்சு. ஆகவே அந்தப் பத்திரிகைகளைப் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றார். நண்பர்களே, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் வருஷம் என்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் திரு திரு என்று முழித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கஷ்டம் பெரிய பெரிய ஆட்களுக்கும் இருந்திருக்கிறது!

1926-ல், பத்தொன்பது வயதில், தகப்பனாரிடம் கடன் வாங்கிச் சொந்த ஊரில் காரேஜ் திறந்தார். மூன்றே வருஷத்தில் கடனை அடைத்தார். மின்சாரத் தேவைக்குப் பக்கத்து ஓடையில் தடுப்பணை கட்டி, சொந்தமாக டர்பைன் வைத்து ஓட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1929-ல் இவோன் லாப்ரெக் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

வெயில் காலத்தில் காரேஜில் வேலை குவிந்தது. ஆனால் பனிக்காலம் வந்தால் சுத்தமாக வேலை இல்லை. அந்தக் காலத்தில் கியூபெக் கிராமத்து ரோடுகளில் பனியை யாரும் வாருவதில்லை. ஆள் உயரத்துக்குப் பனி விழும். கார் வைத்திருந்தவர்கள் அதைக் கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டு வசந்த காலம் வரை குதிரை வண்டிதான். டாக்டர் வேண்டுமென்றாலும், தபால் போட வேண்டுமென்றாலும் குதிரையே துணை. அந்த வெறுமையான மாதங்களில் காரேஜ் கதவைச் சாத்திக்கொண்டு, பனியில் ஓடும் வண்டி மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தார் ஆர்மண்ட். ஒன்று ஓடும், ஒன்று புதையும், ஒன்று உடையும். விடவில்லை.

அந்தக் கொடிய குளிர்காலம்

1934-ஆம் ஆண்டுக் குளிர்காலம். அவருடைய மகன், இரண்டு வயதுக் குழந்தை இவோனுக்குக் குடல்வால் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியோ சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால் செர்ப்ரூக்கில். ரோடு முழுக்கப் பனி. கார் போகாது. பட்டறையில் நின்ற பனிவண்டி இன்னும் ஓடும் நிலைக்கு வரவில்லை.

குழந்தை இறந்துவிட்டது.

இதற்குமேல் இந்த இடத்தில் எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. ஊரிலேயே கெட்டிக்கார மெக்கானிக். பனியில் ஓடும் வண்டியைச் செய்ய வருஷக் கணக்கில் பாடுபட்டவர். அவர் குழந்தைக்கே அந்த வண்டி சமயத்துக்கு உதவவில்லை! வேறு ஒருவராக இருந்தால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். இவர் திரும்பவும் பட்டறைக்குள் போனார்.

பல்சக்கரமும் ரப்பர் பட்டையும்

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் கவனிக்கவும்! மற்றவர்களும் பயப்பட வேண்டாம்.

பனியில் வண்டி ஏன் புதைகிறது? வண்டியின் எடை முழுக்க நான்கு டயர் தரையைத் தொடும் சின்னப் பரப்பில் இறங்குகிறது. எடையைப் பரப்பால் வகுத்தால் வருவது அழுத்தம். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். நம்ம ஊரில் சேடை ஓட்டிய கழனியில் நாம் இறங்கினால் முழங்கால் வரை புதைகிறோம். ஆனால் பரம்புப் பலகைமேல் ஆள் ஏறி நின்றாலும் அது மிதந்துகொண்டே போகிறது அல்லவா? அதே தத்துவம்தான்!

ஆகவே அகலமான, நீளமான பட்டை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டாங்கிக்கு இருப்பது போல இரும்புச் சங்கிலிப் பட்டை போட்டால் கனம் கூடிவிடும். வெறும் ரப்பராக இருந்தால் வழுக்கும். ஆர்மண்ட் 1935-ல் வழி கண்டார். ரப்பர் பட்டையில் குறுக்கே இரும்புச் சட்டங்கள் வைத்து, அதை இழுக்க ரப்பர் போர்த்திய பல்சக்கரம் பொருத்தினார். லேசாகவும் இருந்தது, பிடிப்பும் இருந்தது. பனி ஒட்டி அடைத்துக்கொள்ளவும் இல்லை. 1937-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் அவருடைய கம்பெனிச் சரித்திரம் அந்தப் பல்சக்கரத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது.

முதலில் விற்ற வண்டியின் பெயர் பி-7. பம்பார்டியரின் முதல் எழுத்து பி, ஏழு பேர் உட்காரலாம் என்பதால் 7. மூடிய வண்டி. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பட்டை. யார் வாங்கினார்கள் தெரியுமா? கிராமத்து டாக்டர்கள், தபால்காரர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள்! அடுத்து பன்னிரண்டு பேர் போகும் பி-12 வந்தது. 1942-ல் முறைப்படி கம்பெனியாகப் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காகப் பனி வண்டிகளைச் செய்து கொடுத்தார்.

இதில் நான் கவனித்தது ஒன்று. குழந்தையைப் பறிகொடுத்த அந்தத் தகப்பன் முதலில் செய்தது உல்லாச வண்டி அல்ல. நோயாளியை ஏற்றிக்கொண்டு பனியில் போகும் வண்டி.

சட்டம் வந்தது, சந்தை போனது

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் 1948-ல் பெரிய அடி விழுந்தது. கிராமத்து ரோடுகள் உட்பட எல்லா ரோடுகளிலும் குளிர்காலத்தில் பனியை வாரிச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று கியூபெக் அரசு சட்டம் போட்டது. ரோடு திறந்துவிட்டது. காரிலேயே போகலாம் என்றால் பி-12 எதற்கு? விற்பனை தடதடவென்று சரிந்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்தச் சட்டம் கெட்ட சட்டமா? இல்லவே இல்லை! 1934-லேயே அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் குழந்தை இவோன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். தன் மகனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே சட்டம்தான் பதினான்கு வருஷம் கழித்து வந்து அவர் தொழிலைக் கவிழ்த்தது. யாரைக் குறை சொல்வது?

அவர் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. தன்னிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். தன்னிடம் இருப்பது பனி வண்டி அல்ல, புதைகிற தரையில் புதையாமல் போகும் பட்டை என்று புரிந்துகொண்டார். பனி ஒன்றுதானா புதைகிற தரை? சேறு இல்லையா? சதுப்பு நிலம் இல்லையா? காட்டு மண் இல்லையா? சாதாரண டிராக்டர் சக்கரத்தின்மேல் மாட்டும் பட்டையைச் செய்தார். 1953-ல் மஸ்கெக் என்ற பெயரில் சதுப்பு நில டிராக்டரைக் கொண்டு வந்தார். மஸ்கெக் என்றால் அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்தின் பெயர். எண்ணெய் தேடுபவர்கள், மின்கம்பம் நடுபவர்கள், மரம் வெட்டுபவர்கள் என்று பலரும் வாங்கினார்கள். கம்பெனி நிமிர்ந்தது!

ஸ்கீ-டூ பிறந்தது

பெரிய வண்டிகளைச் செய்தாலும், ஒருத்தர் இருவர் மட்டும் போகக்கூடிய சின்ன வண்டி என்ற அந்தப் பதினைந்து வயதுக் கனவு அவரை விடவில்லை. முன்பு சின்ன, லேசான என்ஜின் கிடைக்கவில்லை. 1950-களில் கிடைத்தது. மூத்த மகன் ஜெர்மைன் இணைப்பு இல்லாத முழு ரப்பர் பட்டை ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். அப்பாவின் கனவுக்கு மகன் போட்ட பட்டை!

1959-ல் அந்தச் சின்ன வண்டி வெளிவந்தது. வடக்கே பனிப் பிரதேசத்தில் பழங்குடி மக்களிடையே பணிசெய்த ஒரு பாதிரியார் நண்பரிடம்தான் முதல் மாதிரிகளில் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். அங்கே அதுவரை நாய்கள் இழுக்கும் வண்டிதான். அந்த நாய் வண்டிக்குப் பதில் இது என்பதால் ஸ்கீ-டாக் என்று பெயர் வைக்க நினைத்தார்கள். அது எப்படியோ ஸ்கீ-டூ என்று ஆகி, அதுவே நிலைத்துவிட்டது. முதல் சீசனில் 225 வண்டிகள்தான் விற்றன. ஆனால் நான்கைந்து வருஷத்தில் ஆயிரக்கணக்கில் விற்க ஆரம்பித்தது. வேட்டைக்காரர்களுக்கும் மிஷனரிகளுக்கும் என்று செய்த வண்டியை ஊர் ஜனங்கள் ஜாலியாக ஓட்ட ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்களுக்கு அது ஒரு புது விளையாட்டு ஆகிவிட்டது.

இந்த வளர்ச்சி முழுவதையும் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி புற்றுநோயால் காலமானார். வயது 56. நாற்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகளை விட்டுச் சென்றார். அவர் முதன்முதலில் திறந்த காரேஜை வல்கூரில் அவர் பெயரில் உள்ள மியூசியத்தில் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.

அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி பிறகு ரயில் செய்தது, விமானம் செய்தது. டெல்லி மெட்ரோவில் ஓடும் ரயில் பெட்டிகளில் பல, குஜராத்தின் சாவ்லியில் பம்பார்டியர் கம்பெனி செய்தவை. அந்த ரயில் பிரிவு 2021-ல் அல்ஸ்டோம் கம்பெனியிடம் போனது. பனிவண்டிப் பிரிவு 2003-லேயே தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்டது. ஸ்கீ-டூ இன்றும் வருகிறது.

இன்று பனி எங்கே?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் இன்றைய நிலவரத்தையும் தேடினேன்.

பனி விழுவதே சிரமமாகிவிட்டது! 2023-24 குளிர்காலம் கனடாவிலும் அமெரிக்காவிலும் அதுவரை பதிவான குளிர்காலங்களிலேயே வெப்பம் மிகுந்தது. பல இடங்களில் பனிவண்டிப் பாதைகளைத் திறக்கவே முடியவில்லை. 2024-ஆம் ஆண்டு உலக அளவிலும் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஆண்டாகியது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பனிக்கும் மழைக்கும் நடுவில் இருப்பது பூஜ்ஜியம் டிகிரி என்ற ஒரே கோடு. மைனஸ் 1-ல் பனியாக விழுவது பிளஸ் 1-ல் மழையாக விழுந்துவிடும். அந்த மழை, முன்பே விழுந்த பனியையும் கரைத்துவிடும். வெயில் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் நமக்கு விசிறி வேகத்தைக் கூட்டினால் போதும். அவர்களுக்கோ ரோடே காணாமல் போய்விடும்!

பனி இல்லாத தரையில் அந்த வண்டியை ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓட்ட முடியாது. பட்டை உள்ளே சறுக்கிப் போகும் பிளாஸ்டிக் தண்டுகளுக்கு மசகு எண்ணெய் கிடையாது. தெறிக்கிற பனிதான் மசகு, அதுதான் குளிரூட்டி. வாட்டர் கூலிங் உள்ள வண்டிகளில் பலவற்றுக்கு ரேடியேட்டருக்குப் பதில், தெறிக்கும் பனிதான் சூட்டை எடுக்கிறது. பனி குறைந்தால் தண்டு உருகும், என்ஜின் கொதிக்கும். அதாவது பனி அந்த வண்டிக்கு வெறும் பாதை மட்டும் அல்ல, அதன் உறுப்புகளில் ஒன்று!

1968 முதல் பனிவண்டி செய்துவந்த யமஹா கம்பெனி, அந்தத் தொழிலையே விட்டுவிடப் போவதாக 2023-ல் அறிவித்தது. ஆமாம், நம்ம ஊர் அண்ணன்மார்கள் உயிரை விடுகிற ஆர்.எக்ஸ். 100 செய்த அதே யமஹா! மற்றவர்கள் மின்சாரப் பனிவண்டி கொண்டு வந்திருக்கிறார்கள். ஸ்கீ-டூ பெயரிலேயே மின்சார வண்டி வந்துவிட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை, நல்லதுதான். ஆனால் எந்த என்ஜின் வைத்தாலும் கீழே பனி வேண்டுமே!

நம்ம நாட்டிலும் இதே கதைதான். காஷ்மீர் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளைப் பனிவண்டியில் ஏற்றிச் சென்று பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிப்போய், மார்ச் மாதம்தான் நடந்தன. சுற்றுலாவுக்கு வருபவர் அடுத்த வருஷம் வரலாம். வண்டிக்காரர் அதுவரை என்ன சாப்பிடுவார்? கனடாவின் வடகோடிப் பழங்குடி மக்களுக்கோ இது விளையாட்டே அல்ல. உறைந்த ஏரியின்மேல் இந்த வண்டியில் போய்த்தான் வேட்டை, மீன், அடுத்த ஊர் எல்லாம். பனிக்கட்டி மெலிந்தால் வண்டியோடு ஆளும் உள்ளே போக வேண்டியதுதான்.

நமக்கு என்ன வந்தது?

நண்பர்களே, எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பதை இப்போது சொல்கிறேன்.

எங்க ஊர் காவேரிப்பாக்கம் ஏரி, மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்து ஏரி என்று சொல்வார்கள். முப்பது அடி தண்ணீர் நிற்கும். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டும். எங்க தாத்தா அந்த ஏரிப் பாசனத்தில் கழனி வேலை செய்தவர். 2016-ல் மழை பொய்த்தபோது நான் நான்காம் வகுப்பு. அடுத்த கோடையில் ஏரிக்குள் நாங்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினோம். எங்களுக்கு ஜாலி. தாத்தா கரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து ஏரி கோடி போனது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தோம். அப்போது தாத்தா இல்லை. பனியை எதிர்பார்க்கும் வல்கூரும் மழையை எதிர்பார்க்கும் காவேரிப்பாக்கமும் ஒன்றுதான். வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் ஊர்கள்.

கழனி கைவிட்டதால் எங்க அப்பா ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போனார். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டது நம் எல்லோருக்கும் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, கழிவுநீரைச் சுத்தம் செய்யாத தோல் ஷாப்புகள் இயங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. நல்ல தீர்ப்புதான். எங்க வீட்டுக் கிணற்றுக்கு நல்லது, எங்க வீட்டு அடுப்புக்குக் கஷ்டம். 1948-ல் பம்பார்டியர் நின்ற அதே இடத்தில் நம்ம பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ நின்றிருக்கின்றன.

எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் எடுத்தேன். கார்புரேட்டர், பிஸ்டன், வால்வு டைமிங் என்று மூன்று வருஷம் படித்துவிட்டேன். ஆனால் 2021-லேயே நம்ம ராணிப்பேட்டையில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை திறந்துவிட்டார்கள். அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை! எங்க ஊருக்குப் பக்கத்தில் பனப்பாக்கத்தில் 2024-ல் பெரிய கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், பெட்ரோல் வண்டியே இல்லாமல் போனால் உன் படிப்பு என்னடா ஆகும் என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பம்பார்டியரின் வாழ்க்கையைப் படித்த பிறகு அரைகுறையாக ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அவர் கற்றது ஃபோர்டு என்ஜின். ஆனால் அவர் பிடித்துக்கொண்டது பட்டையின் தத்துவம். ரோடு திறந்து, பனி அவரைக் கைவிட்டபோது அந்தத் தத்துவம் சேற்றில் ஓடியது. பொருள் போகலாம், தத்துவம் போகாது. நாம் படிப்பதில் கார்புரேட்டர் போகலாம். உராய்வு போகுமா? வெப்பம் கடத்துதல் போகுமா? பேரிங்கும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் போகுமா? மின்சார வண்டி பேட்டரிக்கும் கூலிங் வேண்டுமே! ஆகவே பரீட்சைக்காக இரண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்வதை விட்டு, ஏன் அப்படி என்று கேட்டுப் படிப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தத்துவம் தெரிந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். விழாத பனியை எந்த மெக்கானிக்காலும் விழ வைக்க முடியாது. வராத மழையும் அப்படித்தான். நாம் ஓட்டும் வண்டிகளின் புகையும் இந்தச் சூட்டுக்கு ஒரு காரணம். பனியில் ஓட வண்டி கண்டுபிடித்த மனிதகுலம், வண்டிப் புகையால் பனியையே கரைத்துக்கொண்டிருக்கிறது! இதைச் சரிசெய்யும் வேலை நம்ம தலைமுறை தலையில்தான் விழுந்திருக்கிறது. வேலை இல்லையே என்று கவலைப்படுகிறோம். இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

அன்று ஒரு தகப்பன் தன் குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன பிறகும் பட்டறைக்குள் திரும்பிப் போனார். அதனால்தான் இன்றைக்கு என் மாமா போன்றவர்கள் சியாச்சினிலிருந்து அடிபட்ட தோழனை உயிரோடு கீழே கொண்டு வருகிறார்கள். காலம் எவ்வளவு மாறினாலும் அந்தப் பட்டறைக் கதவு நமக்கும் திறந்துதான் இருக்கிறது.

வாருங்கள் நண்பர்களே, உள்ளே போவோம்! ஸ்பானரை எடுப்போம்!